கன்றுக்கு ஒரு மாதமாகப் புரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல பாக்டீரியா உள்ள) பொடி கொடுத்தும் எடை ஏறவில்லையே, ஏன்?

பால் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. வழக்கமான கணக்குதான் என்றே வைத்துக்கொள்கிறேன்: வேளைக்கு ஒரு லிட்டர், நாளைக்கு இரண்டு. 40 கிலோ கன்றுக்கு அது உயிர் தாங்கவே பத்தாது. சுமார் இரண்டரை லிட்டருக்கு மேல் போவதுதான் வளர்ச்சிக்கு. 6 லிட்டர் வரை பழக்குங்கள். கறக்கிற பாலையெல்லாம் விற்றுவிட்டுக் கன்றுக்குப் பொடி வாங்குவது என்ன கணக்கோ! குடலில் உள்ள நல்ல பாக்டீரியா தீனி ஆகாது.

பால் போதுமான அளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால், பாக்டீரியா உயிரோடு போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். சூடான பாலில் கொட்டினால் லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியா 60 டிகிரியிலேயே செத்துவிடும். பால் 38-40 டிகிரிக்கு ஆறியதும் ஒரு டம்ளரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தப் பாலில் ஊற்றி உடனே கொடுங்கள். தொட்டித் தண்ணீரில் வேண்டாம். குளோரின் கொல்லும் என்பது ஒருபுறம். சப்பிக் குடிக்கும் பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும், தண்ணீரோ முதல் வயிற்றில் விழும். ஆன்டிபயாட்டிக் ஓடும் நாட்களில் கொடுப்பதும் பெரும்பாலும் வீண்.

அடுத்து லேபிள். 'கிலோவுக்கு 1000 கோடி' பாக்டீரியா என்றால் 5 கிராமில் இருப்பது 5 கோடிதான். கன்றுகளில் பலன் தெரிந்த ஆய்வுகளில் நாளொன்றுக்கு 100 கோடியும் அதற்கு மேலும் கொடுத்திருப்பார்கள். அதுவும் தயாரித்த அன்றைய எண்ணிக்கையா, காலாவதி நாள் வரை உத்தரவாதமா என்று பல டப்பாக்களில் போடுவதே இல்லை. எந்த இனம் என்றுகூடச் சிலதில் இருக்காது, 'நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்' என்பதோடு சரி. வெயிலில் கிடந்த டப்பா என்றால் பேசில்லஸ் சப்டிலிஸ் மாதிரி வித்து வடிவில் (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில்) இருப்பவைதான் தாக்குப்பிடிக்கும்.

'எங்கள் பண்ணையில் நன்றாக வேலை செய்ததே' என்று சண்டைக்கு வராதீர்கள். கழிச்சல் அடிக்கடி வரும் கொட்டகையில், முதல் சில வாரங்களில், வித்தியாசம் தெரியத்தான் செய்யும். பிறந்த சில மணி நேரத்துக்குள் 4 லிட்டர் சீம்பால் குடித்து, காய்ந்த படுக்கையில் வளரும் கன்றில் அது எடை பார்க்கும் டேப்பில் தெரிவது அபூர்வம். டேப்பை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி, வாரம் ஒருமுறை, பால் குடிக்கும் முன் பிடியுங்கள். குடித்த பிறகு பிடித்தால் பாலையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

கழிச்சல் தொடங்கிவிட்டால் பொடியை நம்பி உட்காராதீர்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நின்றால் உடம்பில் நீர் வற்றுகிறது. பாலை நிறுத்தாமல், இடைவேளைகளில் எலக்ட்ரோலைட் கரைசல் கொடுங்கள். எழுந்து நிற்க முடியாவிட்டால் வாய்வழிக் கரைசல் போதாது, மருத்துவர் வந்து டிரிப் ஏற்ற வேண்டும்.