விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரைகளைச் சரிபார்க்கும் கருவிப்பட்டையை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? புதிதாக வருபவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நான் சரிபார்ப்பது ஆங்கில விக்கிப்பீடியாவில். அங்கே ‘பேஜ் கியூரேஷன்’ என்ற கருவிப்பட்டை 2012-இல் வந்தது. 2016-இலிருந்து கட்டுரையைச் சரிபார்த்ததாகக் குறிக்கத் தனி உரிமை வேண்டும். நிர்வாகிகளிடம் கேட்டுப் பெறலாம்.

கருவியைப் பழகப் பத்து நிமிடம் போதும். புதுப்பக்க வரிசையிலிருந்து கட்டுரையைத் திறந்தால் அதன் ஓரத்தில் செங்குத்தாக வந்து நிற்கும். பக்க விவரம், எழுதியவரைப் பாராட்ட இதயக்குறி, சரிபார்த்ததாகக் குறிக்கப் பச்சை டிக், குறை சுட்டும் வார்ப்புருக்கள் (கட்டுரையில் வைக்கும் அறிவிப்புப் பலகைகள்), நீக்கச் சொல்லிக் குறிக்கக் குப்பைத்தொட்டி, அடுத்த கட்டுரைக்கு அம்பு. அவ்வளவுதான்.

பச்சை டிக்குக்கு எடை அதிகம். ஒரு கட்டுரை வந்த புதிதில், யாரும் சரிபார்க்காதவரை அதைத் தேடுபொறிகள் பட்டியலிடாதபடி தடுத்திருப்பார்கள். டிக் போட்டதும் அந்தத் தடை போய்விடும். அதனால் நான் முதலில் பதிப்புரிமையைப் பார்ப்பேன். தடுமாறிப் போகும் நடை ஒரு பத்தியில் மட்டும் திடீரென்று வழவழப்பானால், அதிலிருந்து ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவேன். அதே வரி வேறு தளத்தில் கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது. அவர்களே விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்திருக்கலாம். எது முந்தியது என்று தேதி பார்க்க வேண்டும்.

அப்புறம் மேற்கோள்கள், அதாவது தகவல் எங்கிருந்து வந்தது என்று காட்டும் மூலங்கள். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஒரு நிறுவனத்தைப் பற்றிப் பன்னிரண்டு இணைப்புகள் இருக்கும். பன்னிரண்டும் அவர்களே வெளியிட்ட செய்திக்குறிப்பாக இருக்கும். சார்பில்லாத ஆள் விரிவாக எழுதிய இரண்டு மூலங்கள் அதைவிட மேல். அதே சமயம், முறையாக விவரித்துப் பெயரிடப்பட்ட ஒரு வண்டினத்தின் கட்டுரை இரண்டே வரி என்றாலும் வழக்கமாக நிலைத்துவிடும்.

குப்பைத்தொட்டியில்தான் நான் ஒரு தவறு செய்தேன். எழுதத் தொடங்கிச் சில நிமிடமே ஆன கட்டுரை. முக்கியத்துவம் தெரியவில்லை என்று துரித நீக்கலுக்கு, அதாவது விவாதமில்லாமல் உடனே நீக்குவதற்கு, குறித்துவிட்டேன். எழுதியவர் அப்போதுதான் மேற்கோள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய முதல் கட்டுரை. குறியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அதன்பின் அவர் எதையும் தொகுக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. திருட்டு உரை, ஒருவரை இழிவுபடுத்தும் பக்கம் இவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மற்றதற்குப் பொறுங்கள். கட்டுரை எப்போது தொடங்கியது, எழுதியவர் எத்தனை தொகுப்புகள் செய்திருக்கிறார் என்பதெல்லாம் பக்க விவரத்திலேயே இருக்கிறது.

வார்ப்புருக்களை ஏழெட்டு அடுக்க வேண்டாம். கட்டுரை எந்த வகையில் சேரும் என்று காட்டும் பகுப்பு இல்லையென்றால் ‘பகுப்பு இல்லை’ என்று பலகை வைக்கும் நேரத்தில் பகுப்பையே சேர்த்துவிடலாம். நிஜமாகவே பெரிய குறை எதுவோ அதை மட்டும் சுட்டுங்கள்.

டிக் போடும் இடத்திலேயே எழுதியவருக்குச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை. ‘இரண்டாவது பத்திக்கு ஒரு மேற்கோள் சேர்க்க முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சேர்த்துவிடுகிறார்கள். வார்ப்புருவுக்கு யாரும் அப்படிப் பதில் சொல்வதில்லை.

எவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லையா? சரி, டிக் போடாமல் அம்பை அழுத்திவிடுங்கள். கட்டுரை வரிசையிலேயே இருக்கும், அந்தத் துறை தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பார்.