25க்கு 9ன்னா நுரையீரல்ல எவ்ளோ போச்சு?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 61 வயசு, வைரல் காய்ச்சல் வந்து எட்டாம் நாள் மூச்சு வாங்குதுன்னு தஞ்சாவூர் கூட்டிட்டு போயி நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். ரெண்டு பக்கமும் கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி, அதாவது மங்கலான நிழல், ஸ்கோர் 9/25ன்னு ரிப்போர்ட். சொந்தக்காரர் ஒருத்தர் கணக்கு போட்டு 36 பர்சன்ட் நுரையீரல் போச்சுன்னுட்டார், அம்மா சரியாவே சாப்பிடறதில்ல. இப்ப மூணு வாரம் ஆச்சு, காய்ச்சல் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 97, இருமல் மட்டும் நிக்கல. திரும்ப சிடி எடுக்கணுமா? அறுப்புக்கு போறேன்னு வேற அடம்புடிக்கிறார்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: முதல்ல அம்மாவ சாப்பிட சொல்லுங்கம்மா. 36 பர்சன்ட்லாம் போகல.

அந்த 9 சதவீதம் இல்ல, மார்க். நுரையீரல் வலது பக்கம் மூணு இடது பக்கம் ரெண்டுன்னு அஞ்சு பாகம், ஒவ்வொன்னுக்கும் 5 வரைக்கும் மார்க் போடுவாங்க, ஒரு பாகத்துல நிழல் 5 பர்சன்ட்டுக்கு கீழன்னா 1, 5லேர்ந்து 25 வரைக்கும் 2, இப்படியே ஏறும். 6 பர்சன்ட்டுக்கும் 2 தான், 24க்கும் 2 தான்! அப்ப நாலு பாகத்துல ரெண்டு ரெண்டு, ஒன்னுல ஒன்னுன்னா 9 வந்துரும், மொத்தமா பாத்தா நிழல் பத்து பர்சன்ட்கூட இல்லாம போகலாம். உங்க உறவுக்காரர் நெல்லு மூட்டைய எண்ணட்டும்.

நிழல் இருந்தா அந்த எடம் செத்துப்போச்சுன்னும் இல்ல. மார்கழி பனில வயலுக்கு அந்தாண்ட தென்னமரம் மங்கலா தெரியும்ல, அதான் கிரவுண்ட் கிளாஸ், உள்ள ரத்தக்குழாய் தெரியும். மரமே தெரியாத அளவுக்கு மூடிடுச்சுன்னா கன்சாலிடேஷன், அது அடுத்த கட்டம். கொரோனால படம் பத்தாம் நாள் வாக்குலதான் மோசமா இருக்கும், நீங்க எடுத்தது எட்டாம் நாள். இன்ஃப்ளூயன்சாவும் இதே மாதிரி காட்டும், அதனால படத்த மட்டும் வச்சு என்ன வைரஸ்னு அடிச்சு சொல்ல முடியாது.

திரும்ப சிடி இப்ப வேணாம். ஆளு தேறினப்புறமும் நிழல் மாசக்கணக்குல இருக்கலாம், பாத்துட்டு மறுபடி பயப்படுவீங்க, அதோட ஒரு சாதா சிடில நெஞ்சு எக்ஸ்ரேவ விட பல மடங்கு கதிர்வீச்சு. 12 வாரம் கழிச்சு ஒரு எக்ஸ்ரே போதும். ஆனா வாசல்ல ஆறு நிமிஷம் நடக்க விட்டு சாச்சுரேஷன் பாருங்க, 97லேர்ந்து நாலு பாயின்ட் எறங்கினாலோ சும்மா உக்காந்திருக்கும்போதே 94க்கு கீழ போனாலோ மூச்சு மறுபடி வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

அறுப்புக்கா? மிஷின் ஓடுற பக்கம் வைக்கோல் தூசு இருமல கிளப்பி விட்டுரும். தூசு வராம, காத்து அடிச்சு வர்ற பக்கத்து வரப்புல நாற்காலி போட்டு உக்காந்து வேலை வாங்கட்டும், துண்ட கழுத்துல இல்ல, மூக்குல கட்டிக்கிட்டு.