திறக்காத சூட்கேஸ்

அன்புள்ள ஐயா,

நான் ஒஹாயோவில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவன். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் வரைவில் அவனை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணி ஒன்று கோடை முகாமுக்கு அழைத்தது. ஆகஸ்ட் கடைசியில் பட்டியலைச் சுருக்கும்போது வெட்டிவிட்டார்கள். இரண்டு வாரமாக வீட்டிலேயே இருக்கிறான். இப்போது கனடாவிலிருந்து ஒரு அணி கூப்பிடுகிறது. ஏஜென்ட் காத்திரு என்கிறார், அம்மா போகவே கூடாது என்கிறார். என் மகனுக்கு அவன் அண்ணன் மாதிரி. அந்த உரிமையில் என்னிடம் வந்து யோசனை கேட்டான்.

அவன் போகலாமா? அங்கே சம்பளம் மிகவும் குறைவாமே? தலையில் அடிபடும் ஆபத்து அதிகமா? கனடிய லீக் என்பது தோற்றவர்கள் போய் ஒதுங்கும் இடம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் முப்பது வருடங்களுக்கு மேலாக அங்கே இருப்பவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் எனக்கு ஒரு பெடியனின் நினைவு வந்துவிடும். இந்த வருடமும் வந்தது. அவனைப் பற்றி எழுதலாமா, வேண்டாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதற்குப் பதில் எழுதுகிறேன்.

உங்கள் கடைசி வரிகள் எனக்குக் கோபத்தை உண்டாக்கின. ஊரார் சொல்வதை எழுதியதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். ‘எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது’ என்று நீங்களும் போய்ச் சேர்ந்துகொண்டீர்கள். ஒரு கனடிய ஆட்டத்தையாவது முழுதாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? கனடிய ஆட்டத்தின் கோப்பையான கிரே கப் 1909இல் தொடங்கியது. என்எஃப்எல் பிறந்தது 1920இல், அதுவும் உங்கள் ஒஹாயோவின் கான்ரன் நகரில். அமெரிக்கர் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடப் பழகியதிலேயே கனடாவுக்குப் பங்கு உண்டு. 1874இல் மொன்றியலில் இருந்து மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் போய் ஹார்வர்டோடு ஆடினார்கள். அவர்கள் ஆடிய விதம் ஹார்வர்டுக்குப் பிடித்துப்போனது. இது தெரியாமல் ஒதுங்கும் இடம், ஓரமான இடம் என்று எழுதக் கூடாது.

தோற்றவர்கள் என்கிறீர்களே, அந்த ஒரு வாரத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 32 அணிகள். முகாமில் அணிக்கு 90 பேர். அது 53 ஆகச் சுருங்க வேண்டும். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வெளியே போகிறார்கள். அணியோடு பயிற்சி மட்டும் செய்கிற பயிற்சிக் குழுவுக்கென்று அணிக்கு 16 பேரைத் திரும்ப எடுப்பார்கள். காயப்பட்டியலில் வைக்கப்படுகிறவர்களையும் கழித்தால்கூட, நூற்றுக்கணக்கானவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். செய்தி சொல்ல வருகிற ஆளுக்கு வீரர்கள் ‘டர்க்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கோச் உன்னைப் பார்க்க வேண்டுமாம், ஆட்டத் திட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா’ என்பான். அந்த ஒரு வாக்கியத்தோடு, எட்டு வயதில் தொடங்கிய ஓட்டம் நின்றுபோகிறது. அப்படி நின்றுபோன ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவனைப் பார்த்து அந்தச் சொல்லை நினைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சரி, சம்பளம். குறைவுதான். 2025இல் கனடிய லீக்கில் ஆகக் குறைந்த சம்பளம் வருடத்துக்கு 70,000 கனேடிய டொலர். அதே வருடம் என்எஃப்எல்லில் ஒரு புதுமுகத்துக்கு 840,000 அமெரிக்க டொலர். பயிற்சிக் குழுவில் இருந்தாலே வாரம் 13,000. அப்படி ஓர் இடம் அவனுக்குக் கிடைத்திருந்தால், அதை விட்டுவிட்டு இங்கே வா என்று நான் சொல்ல மாட்டேன். கிடைக்கவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? பிறகு எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? தலைக் காயத்தைப் பற்றி அவனும் தாயும் ஒரு வைத்தியரோடு கதைக்க வேண்டும். ஒருவரை ஒருவர் மோதும் ஆட்டம் இது, இரண்டு நாட்டிலும் அப்படித்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை. கடிதம் முழுக்கச் சம்பளம், ஆபத்து, ஊர்ப்பேச்சு எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெடியன் மைதானத்தில் என்ன செய்கிறவன் என்று ஒரு சொல் இல்லை. இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை அதுதான் முதல் விஷயம். இங்கே மைதானம் 110 கெஜம் நீளம், 65 கெஜம் அகலம். அங்கே 100, அகலம் 53 சொச்சம். இங்கே ஒரு பக்கத்துக்கு 12 பேர், அங்கே 11. பத்துக் கெஜம் முன்னேற அங்கே நான்கு வாய்ப்பு, இங்கே மூன்று. ஆகவே இங்கே பந்தை அதிகம் வீசுவார்கள். விரைவாகக் கால் மாற்றுகிறவன், உயரம் போதாது என்று அங்கே கழிக்கப்பட்டவன், ஓடிக்கொண்டே பந்தை வீசி ஆட்டத்தை நடத்தத் தெரிந்த குவாட்டர்பேக், தடுப்பாட்டத்தின் நடு வரிசையில் நிற்கிற, எடை குறைந்த ஆனால் வேகமான லைன்பேக்கர், இவர்களுக்கு இது பொருத்தமான களம். நடுவில் மலைபோல நின்று இடம் பிடிக்கிற ஆளுக்கு அவ்வளவு பொருந்தாது. (2027இல் மைதானத்தின் நீளத்தை 100 கெஜமாகக் குறைக்கப்போகிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். அதைப் பற்றித் தனியே எழுதுவேன்.)

அவன், வீசப்படும் பந்து எதிரணியின் கைக்குப் போகாமல் தடுக்கிற கோர்னர்பேக் என்றால் மட்டும் கவனமாகச் சொல்லுங்கள். அமெரிக்க ஆட்டத்தில் வீசிய பந்தைப் பிடிக்கிற ரிசீவர், பந்து வைக்கப்படும் கோட்டில் நின்று, பந்து எடுக்கப்பட்ட பிறகுதான் முன்னோக்கி ஓடத் தொடங்குவான். இங்கே பின்னால் நிற்கிற ரிசீவர்கள் பந்து எடுக்கப்படும் முன்பே கோட்டை நோக்கி ஓடி வரலாம். கோட்டைத் தாண்டும்போதே முழு வேகத்தில் இருப்பார்கள். அதற்கு முன்னால் கால் ஊன்றி நின்றால் தொலைந்தோம். இதை எனக்கு விளக்கியவன்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பெடியன்.

அது 1997. ஹமில்ரனில் ஒரு மோட்டலில் இரவு வேலை பார்த்தேன், பதினொரு மணியிலிருந்து காலை ஏழு வரை. செப்டம்பர் தொடக்கத்தில் அவன் வந்து தங்கினான். ஜோர்ஜியா மாநிலத்தவன், இருபத்துமூன்று வயது, கோர்னர்பேக். அமெரிக்காவில் வெட்டப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பயிற்சிக் குழுவில் சேர்ந்திருந்தான். ஹமில்ரன் அணிக்கு அது மிக மோசமான வருடம், 18 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றார்கள். கையிலே தொலைபேசி வைத்திருக்கும் காலம் இல்லை. மோட்டல் எண்ணைத்தான் ஏஜென்டுக்குக் கொடுத்திருந்தான். இரவில் படி இறங்கி வந்து, ‘எனக்கு ஏதாவது அழைப்பு வந்ததா, சேர்?’ என்று கேட்பான். இல்லை என்பேன். பத்து நிமிடம் வாசல் நாற்காலியில் இருந்துவிட்டுப் போவான். ஒக்ரோபரில் அங்கே ஆட்கள் காயப்படுவார்கள், அப்போது கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தாராம்.

அறை துப்புரவு செய்யும் அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார், அவன் சூட்கேஸைத் திறந்து ஒரு சட்டையைக்கூடக் கொளுவியில் மாட்டவில்லையாம். உடுத்த வேண்டியதை எடுப்பான், திரும்ப மடித்து வைப்பான், பூட்டுவான்.

ஒரே ஓர் இரவுதான் அவனை வேறு ஆளாகப் பார்த்தேன். இந்த ஆட்டம் எனக்குப் புரியவில்லை, நான் உதைபந்தாட்டம் ஆடி வளர்ந்தவன் என்று சொன்னேன். உடனே எழும்பி வந்து, பலகையில் தொங்கிய அறைச் சாவிகளைக் கழற்றி மேசையில் பரப்பினான். பன்னிரண்டு இந்தப் பக்கம், பன்னிரண்டு அந்தப் பக்கம். ஒரு சாவியைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, ‘இவன் ஓடி வருகிறான், பார், நான் இன்னும் நிற்கிறேன், இனி என்னால் பிடிக்க முடியாது’ என்றான். அப்புறம் தன் சாவியை நாலு விரல்கடை பின்னால் நகர்த்தி, ‘முதலே பின்வாங்கத் தொடங்கினால் பிடிக்கலாம்’ என்றான். இன்னும் பின்னால் வைத்துப் பார்த்தான். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்போது மணி மூன்று. கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான், ஒரு மாணவனுக்குக் கணக்கு விளங்குகிற கணத்தின் முகம் எனக்குத் தெரியும். அடுத்த நாள் பயிற்சியில் இதைச் செய்து பார் என்றேன். சிரிப்பு போய்விட்டது. ‘இதைப் பழகிவிட்டால் என் கால் கெட்டுப்போகும், அங்கே திரும்பிப் போனால் இது உதவாது’ என்றான். சாவிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினான். மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு எந்த அணியின் பட்டியலிலும் அவன் பெயரை நான் காணவில்லை. பல வருடம் தேடியிருக்கிறேன்.

தம்பி, ஏஜென்ட் காத்திரு என்கிறார் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் படிப்பித்துவிட்டு வந்தவன் நான். இங்கே ஆசிரியர் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு ஓர் அலுவலகத்தின் கடிதத்துக்காக நாலு வருடம் இருந்தேன். மோட்டல் முதலாளி பகல் வேலைக்கு, மேற்பார்வைக்கு வா என்று இரண்டு முறை கேட்டார். இன்னும் கொஞ்ச நாளில் போய்விடுவேன் என்று மறுத்தேன். வீடு மாற வேண்டியிருக்கும் என்று மனைவி யன்னலுக்குத் திரைச்சீலை வாங்கவில்லை, படுக்கை விரிப்பைக் குத்தி வைத்திருந்தாள். மகள் அந்த விரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகினாள். அந்த நாலு வருடமும் நான் ஹமில்ரனில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. எங்கும் இருக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு நாலு வருடம் போனாலும் கணக்கு மறக்காது. ஓடுகிறவனின் கால் அப்படி அல்ல. அவனுக்கு இருப்பது ஐந்தோ ஆறோ நல்ல வருடங்கள். அதில் ஒன்றை அம்மாவின் வீட்டு சோபாவில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கழிக்கச் சொல்ல எந்த ஏஜென்டுக்கு உரிமை இருக்கிறது?

இங்கே வந்து ஆடியவர்களைப் பாருங்கள். வாரன் மூன், 1978. கறுப்பின இளைஞன் குவாட்டர்பேக்காக வேண்டாம், வேறு இடத்துக்கு மாறு என்று அமெரிக்காவில் சொன்ன காலம். வரைவு நாள் வரைகூட நிற்காமல் கனடாவின் எட்மன்ரன் அணியில் கையெழுத்திட்டார். 1978 முதல் 1982 வரை ஐந்து கிரே கப், தொடர்ந்து. பிறகு என்எஃப்எல்லின் ஹூஸ்ரன் அணி கூப்பிட்டது. 2006இல் கான்ரனில், சிறந்த வீரர்களுக்கான ஹோல் ஒஃப் ஃபேமில் அவருக்குச் சிலை வைத்தார்கள். உங்கள் மாநிலம்தான், காரில் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெடியனுக்குக் காட்டுங்கள். கமரன் வேக்கை 2005இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் வெட்டியது. வீட்டுக்கடன் தரகு வேலைகூடப் பார்த்தார். 2007இல் கனடாவின் பிசி லயன்ஸ் அணியில் சேர்ந்து இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். பிறகு மயாமியில் பத்து வருடம், குவாட்டர்பேக்கை வீழ்த்திய கணக்கு நூறை நெருங்கியது.

இவர்களைச் சொன்னால் எல்லோரும் ‘பார், திரும்பிப் போய்விட்டார்கள்’ என்பார்கள். எனக்குப் பிடித்தவர் திரும்பிப் போகாத ஒருவர். மைக்கேல் கிளெமன்ஸ், ஊர் முழுக்கப் ‘பின்போல்’ என்று அழைக்கும். ஐந்தடி ஆறங்குல உயரம். கான்சஸ் சிற்றியில் 1987இல் சில ஆட்டங்கள், அடுத்த வருடம் வேறோர் அணியில் வெட்டு. 1989இல் ரொறன்ரோவுக்கு வந்தார். 1990இல் லீக்கின் சிறந்த வீரர். 2000 வரை ஆடினார். பயிற்சியாளராக 2004இல் கிரே கப் வென்றார், அதை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். இந்த நகரத்தில் அவரைத் தெரியாதவர் குறைவு. புளோரிடாவில் பிறந்தவர், இப்போது எங்கள் ஊர்க்காரர்.

நடைமுறை விஷயம் இரண்டு. ஒவ்வொரு கனடிய அணியும் ஒரு பேச்சுவார்த்தைப் பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் பெயர் இருந்தால் அந்த அணியோடு மட்டும்தான் கதைக்க முடியும். கூப்பிட்ட அணியின் பட்டியலில்தான் அவன் இருக்கிறானா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், என்எஃப்எல்லுக்கு எப்போது போகலாம் என்பதை ஏஜென்ட் வாயால் கேட்காமல் தானே வாசிக்கச் சொல்லுங்கள். இங்கே ஜூனிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது, பாதி சீசன் முடிந்துவிட்டது. வந்தவுடன் ஆட விடமாட்டார்கள். முதலில் பயிற்சிக் குழுதான், அதற்கு அவன் மனம் தயாராக இருக்க வேண்டும்.

தாயிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். மகனை இழக்கப்போகிறேன் என்று நினைக்கிறார் போல. ரொறன்ரோ, ஹமில்ரன் அணிகள் என்றால் ஒஹாயோவிலிருந்து அரை நாள் கார்ப் பயணம், ஆட்டம் பார்க்க அவரே வரலாம். எந்த அணி என்று முடிவானதும் எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கம் என்றால் விமான நிலையத்துக்கு நான் போவேன், இரவு எத்தனை மணி என்றாலும். ரெஜைனா அல்லது வின்னிபெக் என்றால் தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒக்ரோபரிலேயே அங்கே குளிர் தொடங்கிவிடும், ஜோர்ஜியாப் பெடியன் ஒரு மெல்லிய சட்டையோடுதான் வந்திருந்தான்.