குட்டி ரயில் கேள்வி பதில்: நெல்லைச் சீமைத் தடங்கள்

இந்தத் தடவை இந்திய ரயிலைச் சிறிய அளவில் செய்வது பற்றி மட்டும், அதிலும் நம்ம பக்கத்துத் தடங்கள் பற்றி. ஜெர்மனி ரயிலோ ஜப்பான் ரயிலோ என்றால் பெட்டியைப் பிரித்து அன்றைக்கே ஓட்டிவிடலாம். நம்ம ரயில் என்றால் பாதிக்கு மேல் நாமே செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு பற்றி வந்த கேள்விகளை எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியாத துறை.

பேட்டையிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, ஒரு கட்டில் அளவு பலகைதான் இருக்கு. 1:160 அளவில், அதாவது அசலில் 160-ல் ஒரு பங்காக, நெல்லை எக்ஸ்பிரஸ் ஓட்டலாமா?

ஓட்டலாம். முழு வண்டியை எதிர்பார்க்காதீர்கள். பழைய ஐ.சி.எஃப். (சென்னை பெட்டித் தொழிற்சாலை) பெட்டி, முனையில் இடி தாங்கும் பஃபரோடு சேர்த்து 22.3 மீட்டர் நீளம். 1:160-ல் அது ஏறக்குறைய 14 செ.மீ. 24 பெட்டி கோத்தால் இன்ஜின் இல்லாமலே 3.3 மீட்டர் வந்துவிடும். வண்டி நிற்கும்போதே வால் கட்டிலை விட்டு வெளியே தொங்கும். இன்ஜினும் ஐந்தாறு பெட்டிகளும் போதும். பிளாட்பாரத்தையும் அதே விகிதத்தில் குறைத்துவிட்டால் யாருக்கும் உறுத்தாது.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: கடையில் கிடைப்பது 9 மி.மீ. இடைவெளி உள்ள தண்டவாளம்தான். நம்ம அகலப் பாதைக்கு அது சரியா வருமா?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

9 மி.மீ.யை 160-ஆல் பெருக்கினால் 1440. அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மி.மீ. பாதை. நம்ம அகலப் பாதை 1676 மி.மீ., அதற்கு 10.5 மி.மீ. வேண்டும். ஒன்றரை மி.மீ. குறைகிறது. இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஜப்பான்காரர்கள் தங்கள் 1067 மி.மீ. பாதையையும் 1:150 அளவில் இதே 9 மி.மீ. மேல்தான் ஓட்டுகிறார்கள். கணக்குப்படி அது 7 மி.மீ.தான் இருக்க வேண்டும். ஒரு நாடே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆனால் என்னைக் கேட்டால் நம்ம பக்கத்துக்கு மீட்டர் கேஜ்தான், அதாவது முன்பு இங்கே ஓடிய 1000 மி.மீ. இடைவெளிப் பாதை. அளவை 1:160-லிருந்து 1:110-க்கு மாற்றுங்கள். 1000-ஐ 110-ஆல் வகுத்தால் 9.1. அதே கடைத் தண்டவாளம், அதே ஜப்பான் சேஸி (சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகம்), பாதை மட்டும் கிட்டத்தட்ட அச்சு அசலாக மீட்டர் கேஜ். மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் 2.7 மீட்டர், மாதிரியில் 25 மி.மீ. 9 மி.மீ. தடத்தின் மேல் 25 மி.மீ. பெட்டி இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு ஆடி ஆடிப் போகும். செங்கோட்டைப் பாசஞ்சரில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும்.

மேலே போடும் கூட்டை அட்டையிலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ செய்யலாம், 3டி பிரின்டும் எடுக்கலாம். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் பிரின்ட் எடுத்தால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். 60 டிகிரியிலேயே இளகும் சரக்கு அது. சித்திரை வெயிலில் வண்டி வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

செங்கோட்டை, ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு: அண்ணாச்சி சொல்வதுதான் சரி. 9 மி.மீ. மேல் அகலப் பாதை வண்டியை வைப்பது பொம்மை. பார்த்ததுமே தெரியும்.

அதே கல்லூரி மாணவர்: ஐயா, ஒன்றரை மி.மீ. யார் கண்ணுக்குத் தெரியப் போகுது? மீட்டர் கேஜ் ஓடுறதை நான் பார்த்ததே இல்ல. நான் பார்க்காத வண்டியை எதுக்குச் செய்யணும்?

இந்த இருவரும் மாறி மாறி எழுதியதில் என் தபால் பெட்டியே நிரம்பிவிட்டது. சாரத்தை மட்டும் தருகிறேன். ஐயாவின் கட்சி: அகலப் பாதையில் பெட்டியின் அகலம் 3.2 மீட்டர், தடம் 1.68, ஆக பெட்டி தடத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. 9 மி.மீ. மேல் வைத்தால் அது இரண்டேகால் மடங்காகிறது, முன்னாலிருந்து பார்த்தால் வண்டி கால் ஒடுங்கி நிற்கிறது. தம்பியின் கட்சி: யாரும் ரயிலை முன்னாலிருந்து பார்ப்பதில்லை, பக்கவாட்டில்தான் பார்க்கிறோம்.

கணக்கில் ஐயா ஜெயிக்கிறார். தம்பியின் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பார்த்த வண்டியைச் செய்வதுதான் முறை. அதனால் அவருக்கு 1:160, ஐயாவுக்கு 1:110. இருவருக்கும் பொதுவாக ஒரு யோசனை உண்டு. 1981-ல் நாகர்கோவிலிலிருந்து அகலப் பாதை வந்து சேர்ந்தபோது திருநெல்வேலி ஜங்ஷனில் மதுரைப் பக்கம், தென்காசிப் பக்கம், திருச்செந்தூர்ப் பக்கம் எல்லாமே மீட்டர் கேஜ். எண்பதுகளின் ஜங்ஷனைச் செய்தால் ஒரே பலகையில் இரண்டு கேஜும் வரும். அப்போது இருவரும் 1:110-க்கு வர வேண்டும், அகலப் பாதைக்கு 15 மி.மீ. தடத்தைக் கையால் போட வேண்டும். யார் போடுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

திருச்செந்தூர், இல்லத்தரசி: மண்ணுக்கு நம்ம ஊர்த் தேரிக்காட்டுச் செம்மணலையே போடலாமா அண்ணாச்சி?

தாராளமாகப் போடலாம் தங்கச்சி, அந்தச் செம்மை எந்தப் பெயின்டிலும் வராது. ஆனால் சலித்த பிறகு காகிதத்தில் பரப்பி, நல்ல காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மேலே ஓட்டுங்கள். கறுப்புத் தூள் மீசை மாதிரி ஒட்டி வரும். நம்ம கடற்கரை மணலிலும் தேரி மணலிலும் இரும்பு கலந்த தாதுக்கள் உண்டு. இன்ஜின் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தான். ஒரு பொடி உள்ளே போனால் முதலில் கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் நின்றுவிடும். ஒட்டி வருவது நிற்கும்வரை ஓட்டிவிட்டு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டு சொட்டாக விடுங்கள்.

கோவில்பட்டி: வந்தே பாரத் மாடல் எங்கே கிடைக்கும்?

கடை விவரம் நான் சொல்வதில்லை.

ஆழ்வார்திருநகரி: பனைமரம் எப்படிச் செய்வது? கடையில் விற்பது எல்லாம் ஈச்சமரம் மாதிரி இருக்கு.

அது பேரீச்சை, வளைகுடா நாட்டு மரம், நம்ம ரயில் பக்கத்தில் வைத்தால் துபாய் ஆகிவிடும். தடிமனான மூங்கில் குச்சி எடுங்கள். 20 மீட்டர் பனை 1:110-ல் 18 செ.மீ. உயரம், இதைக் கேட்டுப் பலர் பயந்து பாதியாக வெட்டிவிடுகிறார்கள், வெட்டாதீர்கள். அடியில் மட்டும் நூல் சுற்றிப் பருமன் கொடுங்கள். தண்டு நல்ல கறுப்பு இல்லை, சாம்பல் ஏறிய கறுப்பு. ஓலைக்கு மெல்லிய காகிதத்தில் இரண்டு செ.மீ. வட்டம் வெட்டி, விசிறி மாதிரி மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பிசிறாக்கி, மெல்லிய கம்பிக் காம்பில் ஒட்டுங்கள். தலைக்கு இருபது ஓலையாவது வேண்டும். கீழ் வரிசை நாலைந்தைக் காய்ந்த பழுப்பாக்கித் தொங்கவிட்டால்தான் அது பனை.

தென்காசி: 1950-ஐக் காட்டினால் செங்கோட்டை எந்த மாநிலம்?

திருவிதாங்கூர்-கொச்சி. சென்னை மாநிலத்துக்கு வந்தது 1956 நவம்பர் 1.

கடையநல்லூர்: ஜல்லிக்கு ஆற்று மணல் போடலாமா?

போடலாம். காந்தம் ஓட்டிவிட்டு.

அம்பாசமுத்திரம்: கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் செய்ய ஆசை. எந்தப் படத்தைப் பார்ப்பது?

முதலில் வருஷத்தைச் சொல்லுங்கள். அந்தச் செங்கோட்டை-புனலூர் மலைப் பாதை 1904-ல் திறந்தது, மீட்டர் கேஜ் ஓட்டம் 2010-ல் நின்றது, அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்தது 2018-ல். பாலத்தைப் பலப்படுத்தித்தான் மறுபடி திறந்தார்கள், அதனால் பழைய கல் தோற்றம் வேண்டுமானால் 2010-க்கு முந்தைய படத்தை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாலத்தின் மேல் புதிய மின்சார இன்ஜினை ஓட்டினால் செங்கோட்டை ஐயா கடிதம் போடுவார்.

சங்கரன்கோவில்: வந்தே பாரத் மாடல்...

மேலே பார்க்கவும்.

வள்ளியூர்: 1:110-ல் ஆட்கள் பொம்மை கிடைக்கவில்லையே?

கட்டட மாதிரி செய்பவர்கள் வாங்கும் 1:100 பொம்மைகளை வாங்குங்கள். ஐந்தரை அடி ஆள் அதில் ஒன்றரை மி.மீ. கூடுதல் உயரமாக இருப்பார், உட்கார வைத்தால் தெரியாது. கால்சட்டையை வெள்ளைப் பெயின்டால் வேட்டியாக்குங்கள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கோட் சூட் போட்ட இருபது பேர் நின்றால் வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன் என்று நினைப்பார்கள்.

களக்காடு: பழைய இன்ஜின் ஒன்று வாங்கினேன். கரகரவென்று சத்தம் வருது.

முந்தைய சொந்தக்காரர் எந்த மணலைப் போட்டார் என்று கேளுங்கள்.