கிரெக்டெக்கில் பிளாஸ்ட் ஃபர்னஸ் பாதியில் அணைந்து, போட்ட தூளையும் விழுங்கிவிடுகிறது, ஏன்?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில், தொழிற்சாலை மெஷின்களைச் சேர்க்கும் கிரெக்டெக் நியூ ஹொரைசன்ஸ் என்ற தொகுப்பை ஆடுகிறார், எலக்ட்ரிக் பிளாஸ்ட் ஃபர்னஸ் (கரண்டில் ஓடும் உலை) கட்டினார், நாலு நாள் நன்றாக ஓடியது, இப்போது பாதி வேலையில் படக்கென்று அணைந்துவிடுகிறது, உள்ளே போட்ட அலுமினியத் தூள் இங்காட்டாகவும் (உலோகக் கட்டி) வரவில்லை, தூளாகவும் திரும்பவில்லை. கட்டியதில் எங்கே தப்பு?

கட்டியதில் தப்பு இருந்தால் முதல் நாளே ஓடியிருக்காது நண்பரே. கரண்ட் பற்றவில்லை, அவ்வளவுதான். இந்த மெஷின் வேலையை ஆரம்பிக்கும்போதே பொருளை விழுங்கிவிடும், ரெசிபி, அதாவது எடுத்த ஒரு வேலை, முடியும்வரை ஒவ்வொரு டிக்குக்கும் (விளையாட்டின் நேரத் துளி) கரண்ட் கிடைத்தாக வேண்டும், ஒரு நொடிக்கு 20 டிக், அதில் ஒரே ஒரு டிக்கில் குறைந்தாலும் நின்றுவிடும். விழுங்கியது போனது போனதுதான்.

கட்டும் முறையை நான் நீட்டவில்லை. கீழே மூன்றுக்கு மூன்று, உயரம் நாலு, நடுவில் இரண்டு பிளாக் காலி, ஆக மொத்தம் 34 பிளாக். அதில் 16 சூடேற்றும் காயில், அந்த 16 காயிலுக்கு மட்டும் 128 குப்ரோநிக்கல் இங்காட் போகும், அதாவது 64 செம்பு, 64 நிக்கல். நிக்கல் தேடி நான் மூன்று ராத்திரி சுரங்கத்தில் கிடந்தேன், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதில் முடியாது. புகைபோக்கியான மஃப்ளர் உச்சியில் நடுவில் வைக்க வேண்டும், அதற்கு மேல் எதையும் வைத்து அடைக்கக்கூடாது, புகை போக வழி வேண்டும். அப்புறம் உலையை இயக்கும் கன்ட்ரோலர், பொருளை உள்ளே போடும் பஸ், வெளியே எடுக்கும் பஸ், கரண்ட் வாங்கும் எனர்ஜி ஹேட்ச் இரண்டு, பழுதுபார்க்க மெயின்டெனன்ஸ் ஹேட்ச் ஒன்று. எல்லாம் அடித்தட்டில்.

சரி, கணக்குக்கு வருவோம். அலுமினிய ரெசிபி ஒரு டிக்குக்கு 120 இயூ (இந்த விளையாட்டின் கரண்ட் அளவு) கேட்கும். எல்வி (குறைந்த வோல்ட்) எனர்ஜி ஹேட்ச் ஒன்று 32 வோல்ட்டில் 2 ஆம்ப் வாங்கும், அதாவது 64. இரண்டு ஹேட்ச் வைத்தால் 128. தேவை 120, கிடைப்பது 128, கையில் மிச்சம் வெறும் 8. எல்லாரும் இங்கேதான் விழுவது. 128 வருகிறதே, போதுமே என்று நினைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவோம்.

நாலு நாள் ஓடிவிட்டு நின்றது என்கிறீர்கள் இல்லையா, அதனால் என் முதல் சந்தேகம் மெயின்டெனன்ஸ் ஹேட்ச் மேல்தான். ஓட ஓட இந்த மெஷினில் ஏதாவது ஒன்று கெடும். ஒரு கோளாறு வந்தால் திறன் 10 சதவீதம் குறையும், குறைந்தால் அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும். 120ஐ 0.9ஆல் வகுத்துப் பாருங்கள், 133 வரும். உங்களிடம் இருப்பது 128. முடிந்தது கதை. ஹேட்ச் இரண்டிலும் தேங்கியிருக்கும் கொஞ்சநஞ்சத்தை வைத்துச் சில நொடி ஓடிவிட்டு அணைந்துவிடும். கன்ட்ரோலரைத் திறந்தால் என்ன கோளாறு என்று எழுதியிருக்கும். பைப் லூசாகிவிட்டது என்றால் ரெஞ்ச், ஸ்குரூ லூஸ் என்றால் ஸ்குரூ டிரைவர், ஏதோ சிக்கிக்கொண்டது என்றால் ரப்பர் சுத்தியல், தகடு நெளிந்தது என்றால் இரும்புச் சுத்தியல், சர்க்யூட் கருகியது என்றால் சால்டரிங் அயர்ன். ஆறாவதுதான் எனக்குப் பிடித்தது, ‘இது இங்கே இருக்கவேண்டியது இல்லை’ என்று வரும், அதற்குக் கடப்பாரை. எது இருக்கக்கூடாது, யார் கொண்டுபோய் வைத்தார்கள் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை. அந்தந்தச் சாமானைக் கையில் பிடித்து ஹேட்ச் மேல் ஒரு கிளிக், அவ்வளவு வேலைதான். டக்ட் டேப் ஒன்று இருந்தால் ஆறுக்கும் அதுவே போதும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் கேபிளை எண்ணுங்கள். வெள்ளீயக் கேபிள், அதாவது டின் கேபிள், ஒவ்வொரு பிளாக்குக்கும் 1 வோல்ட் தின்னும், அதுவும் ஒவ்வொரு ஆம்புக்கும். இரண்டு பிளாக் தூரம் என்றால் 30 வோல்ட், நாலு ஆம்புக்குச் சரியாக 120. மூன்று பிளாக் ஆனால் 116. அப்போதே போச்சு. உறை போடாத வெறும் வயர் இழுத்திருந்தால் நஷ்டம் இரட்டிப்பு. நான் முதலில் கட்டியபோது ஸ்டீமிலிருந்து கரண்ட் எடுக்கும் டர்பைன் எல்லாம் கொல்லைப்புறம், உலை வீட்டு முன்னால், நடுவில் ஒன்பது பிளாக் கேபிள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. 23 வோல்ட் வந்து சேர்ந்தது. நாலால் பெருக்கினால் 92. ஏழெட்டுத் தூள் போன பிறகுதான் கால்குலேட்டரை எடுத்தேன். மலேசியாவில் பேராக்கில் பிறந்தவன், சின்ன வயதில் வெள்ளீயம் தோண்டிய ஈயக்குட்டையில் மீன் பிடித்தவன், கடைசியில் ஈயத்திடமே ஏமாந்தேன். அப்புறம் இன்னொன்று, ஒற்றைக் கேபிள் 1 ஆம்ப்தான் தாங்கும், நாலு ஆம்ப் போகவேண்டுமானால் 4 மடங்குக் கேபிள் போடவேண்டும், இல்லையென்றால் எரிந்துபோகும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் மாமா. அவருக்கு மைன்கிராஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாது. நாங்கள் இருப்பது பேராக்கில் பீடோர் என்ற ஊர், மாமா பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை (பாமாயில்) ஆலையில் பாய்லர்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எஞ்சின் டிரைவர் சர்டிபிகேட் இன்னும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்தவர், தோசையைக் கையில் வைத்துக்கொண்டே என் பின்னால் நின்று பார்த்தார். உலை நின்றது. நான் திட்டினேன். ரப்பர் சுத்தியலால் தட்டி மறுபடி ஓடவிட்டேன். மறுபடி நின்றது.

“ஏன்டா, கேஜைப் பார்த்தியா, சும்மா திறந்துட்டியா?” என்றார்.

“கேஜ் எல்லாம் இல்லை மாமா, கேம் இது.”

“கேமா இருந்தா என்ன, அனல் வேணும்ல?”

அவர் ஆலையில் செம்பனைப் பழக் குலையைக் கூண்டு வண்டியில் ஏற்றி ஸ்டெரிலைசருக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, 3 பார் அளவு ஸ்டீம் விட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேகவைப்பார்களாம். பாய்லருக்கு விறகு கிடையாது, பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான் எரிபொருள். நார் ஈரமாக இருந்தால் அனல் இறங்கும், ஸ்டீம் இறங்கும், குலை அரைவேக்காடாக வெளியே வரும், எவ்வளவு உலுக்கினாலும் பழம் குலையை விட்டு உதிராது. அதனால் பாய்லர் முள் தன் இடத்துக்கு வராமல் அடுத்த ஸ்டெரிலைசருக்கு ஸ்டீம் கொடுக்கவே மாட்டாராம், மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்து கத்தினாலும். “அரைவேக்காடு வந்தா திரும்ப வேகவைக்கலாம், உன்னோடதுல அதுவும் இல்லை போல” என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்கப் போய்விட்டார்.

உண்மைதான், இந்த விளையாட்டில் திரும்ப வேகவைக்க முடியாது. ஆகவே நான் இப்போது செய்வது இது. உலைக்கு ஒட்டினாற்போல் கரண்டைச் சேர்த்துவைக்கும் பேட்டரி பஃபர், அதில் நாலு பேட்டரி, ஒரு பேட்டரிக்கு 1 ஆம்ப் வீதம் நாலு ஆம்ப் வெளியே வரும். டர்பைன் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், நஷ்டம் வருவதாக இருந்தால் பஃபருக்கு முன்னால் வரட்டும், பின்னால் வரக்கூடாது. சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று 1,00,000 இயூ பிடிக்கும், நாலுக்கு 4,00,000. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் வரவு இல்லாமல் 120 வீதம் செலவு செய்தால் மூன்று நிமிடம்கூட வராது. டர்பைன் 90 கொடுக்கிறது என்று வையுங்கள், டிக்குக்கு 30 குறைச்சல், 11 நிமிடத்தில் காலி. பகலில் பத்துத் தூள் போட்டால் தெரியாது, ராத்திரி 64 போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தெரியும். உங்களுக்கு இதுவும் நடந்திருக்கலாம்.

பேட்டரி இறங்குவதைப் பார்த்தால் பதறிப்போய் கேபிளைப் பிடுங்காதீர்கள். ரப்பர் சுத்தியலால் கன்ட்ரோலரை ஒரு தட்டு தட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ரெசிபியை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல் நிற்கும். பஃபரில் பேட்டரி அளவைப் பார்க்கும் எனர்ஜி டிடெக்டர் கவரும் (மெஷின் மேல் ஒட்டும் தகடு) உலையில் அதை நிறுத்தி ஓட்டும் மெஷின் கன்ட்ரோலர் கவரும் போட்டு, விளையாட்டின் சிக்னல் கம்பியான ரெட்ஸ்டோனால் இணைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். எங்கள் சர்வரில் என் அக்கா மகன் அந்த கவருக்கு மாமா என்றே பெயர் வைத்திருக்கிறான்.

ஸ்டீம் பக்கம் இரண்டே விஷயம். 2 ஸ்டீமுக்கு 1 இயூ, டர்பைன் நஷ்டம் வேறு, ஆக டிக்குக்கு 240க்கு மேல் ஸ்டீம் வேண்டும், சின்னக் கரி பாய்லர் ஒன்றிரண்டை நம்பி இதில் இறங்க வேண்டாம். இன்னொன்று தண்ணீர். சூடான பாய்லரில் தண்ணீர் வற்றிய பிறகு அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வெடிக்கும். இதைச் சொன்னபோது மாமா முதல்முறையாகக் கேமை மதித்தார்.

கூரை போட்டிருக்கிறீர்களா? மழையில் நனைந்தால் இந்த மெஷின்கள் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எனக்கு ஒரு டர்பைன் அப்படித்தான் போனது, நாலு டர்பைனில் ஒன்று போனதும் 128 வெறும் 96 ஆனது, உலையும் நின்றது, நான் ஒரு மணி நேரம் உலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அலுமினியம் சேர்ந்ததும் எல்விக்கு அடுத்த படியான எம்வி எனர்ஜி ஹேட்ச் செய்துவிடுங்கள், 128 வோல்ட் 2 ஆம்ப், இந்த எட்டு இயூ பிச்சைக்காரக் கணக்கே அதோடு முடிந்துவிடும். குப்ரோநிக்கல் காயில் 1800 கெல்வின் சொச்சம்தான் தாங்கும், அலுமினியத்துக்கு 1700, உருக்குக்கு 1000 என்பதால் இப்போதைக்குப் போதும். அடுத்த காயிலின் பெயர் காந்தல். நானும் தமிழ்க்காரன் எவனோ வைத்த பெயர் என்று நினைத்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன், ஸ்வீடன்காரர்களுடைய நிஜமான உலோகக் கலவையாம், ஹீட்டர் கம்பியில் எல்லாம் அதுதான். அந்த இங்காட் உலையிலிருந்து வரும்போது கொதித்துக்கொண்டு வரும், வேக்குவம் ஃப்ரீசரில் ஆறவைக்காமல் கையில் எடுத்தால் உயிர் குறையும். பெயருக்கு ஏற்ற புத்தி.

முதலில் மெயின்டெனன்ஸ் ஹேட்ச், அப்புறம் பேட்டரி அளவு, அப்புறம் கேபிள், இந்த வரிசையில் பாருங்கள். கேபிள் எத்தனை பிளாக், டர்பைன் எத்தனை என்று கீழே எழுதினால் ராத்திரி வந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன். இங்கே மணி நாலாகிறது, மலைப்பக்கம் இடி ஆரம்பித்துவிட்டது, மோடத்தைப் பிடுங்கிவைக்கச் சொல்லி அம்மா கத்துகிறார்.