முதலில் எந்த ஷெஹெரஸாடே?

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘வண்டின் பறப்பு’ கேட்டதிலிருந்து அவருடைய ஆர்கெஸ்ட்ரா இசையை முறையாகக் கேட்க ஆசை. செயலியில் தேடினால் எக்கச்சக்கமாக வருகிறது. என்னிடம் இருப்பது போனும் இயர்போனும்தான். எந்தப் பதிவில் தொடங்குவது? – வாசகர், திருச்சி

பதில்: ‘வண்டின் பறப்பு’ 1900-இல் அரங்கேறிய ‘ஜார் சல்தானின் கதை’ ஓபராவில் வரும் சிறு துண்டு. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதை வைத்து அவரை எடைபோட முடியாது. 1888-இல் எழுதிய ‘ஷெஹெரஸாடே’யில் தொடங்குங்கள். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலில் சுல்தானுக்குக் கதை சொல்லும் பெண்தான் ஷெஹெரஸாடே. நான்கு பகுதிகள், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். இளமையில் கடற்படைக் கப்பலில் நெடும்பயணம் போனவர் அவர். முதல் பகுதியில் செல்லோக்கள் (வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரல் வாத்தியங்கள்) அலைபோல் ஏறி இறங்கும்போது அது தெரியும்.

இதில் ஷெஹெரஸாடேயின் குரல் தனி வயலின்தான். அதற்கென்று வெளியிலிருந்து வித்வானை அழைப்பது வழக்கமில்லை. குழுவின் முதல் வயலின்காரரே வாசிப்பார். அதனால் அட்டையில் குழுவை வழிநடத்தும் நடத்துநர் (கண்டக்டர்) பெயர் பெரிதாக இருக்கும், வயலின்காரர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் பதிவுக்குப் பதிவு நாம் உணரும் வித்தியாசத்தில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.

என் தேர்வு கிரில் கோன்ட்ராஷின் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் குழுவோடு 1979-இல் செய்த பதிவு. வயலின் ஹெர்மன் கிரெபர்ஸ். கோன்ட்ராஷின் அவசரப்படுவதே இல்லை. முதல் பகுதியில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொங்குகிறது. உச்சம் வரும்போது அது வந்தே தீர வேண்டும் என்று தோன்றும். கிரெபர்ஸின் வயலின் இழையாமல், குழையாமல், கதை சொல்பவரின் நிதானத்தோடு பேசுகிறது. 1960-இல் ஃபிரிட்ஸ் ரைனர் சிகாகோ சிம்பனியோடு செய்த பதிவும் பெரிது. கடைசிப் பகுதியின் பாக்தாத் திருவிழாவில் அந்த வேகமும் துல்லியமும் மூச்சடைக்க வைக்கும். அதை இரண்டாவதாகக் கேளுங்கள். தாமஸ் பீச்சமின் 1957 பதிவில் மரக்குழல் வாத்தியங்கள் அழகு.

தேடும்போது இசையமைப்பாளர் பெயர் மட்டும் போட்டால் தொகுப்பு ஆல்பங்கள்தான் முதலில் வரும். அவற்றில் மெட்டு இனிமையாக இருப்பதால் மூன்றாம் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டிருப்பார்கள். படைப்பின் பெயரோடு நடத்துநர் பெயரையும் சேர்த்துத் தேடி, நான்கு பகுதிகளும் வரிசையாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்பதற்கு முன் செயலியில் கிராஸ்ஃபேடை, அதாவது ஒரு பாட்டின் முடிவோடு அடுத்ததன் தொடக்கத்தைக் கலக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். முதல் பகுதி மெல்ல அடங்கி முடிகிறது, இரண்டாவது தனி வயலினோடு தொடங்குகிறது. கிராஸ்ஃபேட் இருந்தால் அந்த முடிவும் இந்தத் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டுமே கெடும். ஷஃபிளும் வேண்டாம்.

ஒலியளவில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் சில நொடிகளில் சுல்தானின் மெட்டு டிராம்போன்களோடு இடிபோல் வரும். கை தானாக ஒலியைக் குறைக்கும். உடனே மரக்குழல்கள் மெதுவாகச் சில சுரக்கட்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) வைக்க, ஹார்ப் துணையோடு வயலின் எழும். அது காதில் விழாது. ஆகவே அந்த வயலின் அருகில் அமர்ந்து ஒருவர் பேசுவதுபோல் கேட்கும் அளவில் ஒலியை வைத்துவிட்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து போடுங்கள். பேருந்திலோ சமையலறையிலோ வேண்டாம். இரண்டாம் பகுதியில் டபுள் பாஸ்கள் அடியில் சுருதிபோல் நீட்டி நிற்க, பஸூன் என்ற தாழ்ந்த குரல் மரக்குழல் தனியாகப் பாடும் இடம் இரைச்சலில் காணாமல் போகும்.

முழுதும் ஒரே மூச்சில் முடியவில்லை என்றால் முதல் நாள் முதலிரண்டு பகுதிகள், மறுநாள் மற்ற இரண்டு. நான்காம் பகுதியில் புயல் உச்சத்துக்குப் போய், டாம்-டாம் என்ற பெரிய வெண்கலத் தட்டு அதிரும். கப்பல் பாறையில் மோதி உடையும் இடம் அது. அங்கே நிறுத்திவிடாதீர்கள். அதன் பிறகு, தொடக்கத்தில் மிரட்டிய அதே சுல்தானின் மெட்டு செல்லோ, டபுள் பாஸில் அடங்கி ஒலிக்க, வயலின் அதற்கு வெகு மேலே ஒற்றைச் சுரத்தைப் பிடித்து நிற்கும்.

அடுத்தது கால் மணி நேரத்தில் முடியும் ‘ஸ்பானியக் கப்ரிச்சியோ’. அதன் பிறகு ‘ரஷ்ய ஈஸ்டர் விழா’ முன்னிசை.