குளிரில் வெளுத்த ஃபார்மலின்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மார்கழிக் குளிரில் ஃபார்மலின் பாட்டிலின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்துவிட்டது. சூடாக்கிக் கரைக்கலாமா? முகக்கவசம் அணிந்தும் கண் எரிகிறதே, ஏன்?
– வாசகி, ஏற்காடு

பதில்: தயவுசெய்து சூடாக்காதீர்கள். ஃபார்மலின் என்பது ஏறத்தாழ 37 சதவீத ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த நீர். குளிரில் அந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாராஃபார்மால்டிஹைடு என்ற வெள்ளைத் திடப்பொருளாகப் படிகின்றன. இதைத் தடுக்கவே மெத்தனால் சேர்க்கிறார்கள். அது எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்பில் வைத்தால் நச்சு ஆவியோடு தீ அபாயமும் சேர்ந்துகொள்ளும். படிவு விழுந்த கரைசலின் செறிவு குறைந்திருக்கும். மாதிரிகளைப் பதப்படுத்த அதை நம்ப வேண்டாம்.

துணியாலான முகக்கவசமும் அறுவை முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது; கண்ணை மூடுவதும் இல்லை. ஃபார்மால்டிஹைடை 2004-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்திவிட்டது. எனவே கண் எரிச்சலைப் பழகிப்போன ஒன்றாக நீங்கள் ஏற்றுக்கொள்ளவே கூடாது. குளிருக்காகச் சன்னல்களை அடைத்துவிட்டுத் பதப்படுத்திய தவளை உள்ள குடுவையைத் திறப்பதுதான் மலைப்பள்ளிகளில் நடக்கும் பெரிய தவறு. ஆவி உறிஞ்சும் பெட்டியில், நைட்ரைல் கையுறையும் பக்கங்கள் மூடிய கண்ணாடியும் அணிந்து திறவுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டின் ஆவியும் கலந்தால் கொடிய புற்றுநோய்க் காரணி உருவாகக்கூடும். பழைய கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், பெயரெழுதி மூடிய கலனில் சேர்த்து, அபாயக் கழிவைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் பள்ளி நிர்வாகத்தின் வழியாக ஒப்படையுங்கள்.